படத்தில் பார்த்த காரும் பக்கத்தில் நின்ற காரும்

2025ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மயூர் விஹாரில் மெட்ரோ ரயிலேறி உச்ச நீதிமன்ற நிலையத்தில் இறங்கினோம். தில்லி பிரகதி மைதானத்தின் பாரத் மண்டபத்தில் நடைபெற்ற வாகனக் கண்காட்சியைக் காண்பதே நோக்கம். நாங்கள் ஐவர். கார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எதிரில் இருக்கும் காபி ஆறிப்போவதைக் கூடக் கவனியாதவர்கள். ஐவரும் இந்த வங்கியின் வாடிக்கையாளர்கள் என்பதும், எங்களுள் இருவருக்குக் கார் கடன் இன்னும் நிலுவையில் உள்ளது என்பதும் இக்கட்டுரைக்குத் தேவையான செய்திகளே.

உண்மையைச் சொல்வதானால், நாங்கள் எதையும் புதிதாகப் பார்க்கப் போகவில்லை. தீர்ப்புகளை எழுதி முடித்துவிட்டுத்தான் போனோம். அங்கு நிற்கவிருந்த கார்களின் படங்களை வாரக்கணக்கில் கைப்பேசியில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்திருந்தோம். மாருதியின் ‘இ விட்டாரா’வுக்கு முகம் உப்பியிருக்கிறது என்றார் எங்களுள் ஒருவர். மஹிந்திராவின் ‘பி.இ. 6’ பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் போலிருக்கிறது என்றார் இன்னொருவர். ‘க்ரெட்டா எலெக்ட்ரிக்’ பழைய க்ரெட்டாவுக்கு மாற்றுடை அணிவித்தது மட்டுமே என்பது பொதுக் கருத்து. டாடாவின் ‘சியர்ரா’வைப் பற்றி மட்டும் குறை சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. அது எங்கள் இளமைக்காலத்து வண்டியின் மறுபிறவி அல்லவா?

மாலையில் வெளியே வந்தபோது இத்தீர்ப்புகளில் ஒன்றுகூட முழுதாக நிற்கவில்லை.

அன்று தொடங்கிய வாதம் ஓராண்டுக்கும் மேலாக எங்களிடையே நடந்துகொண்டிருக்கிறது. அதில் நாங்கள் வந்தடைந்த கருத்து இதுதான். ஒரு காரின் வடிவத்தைப் படத்தில் பார்த்து முடிவு செய்வது தவறு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வர். கண்காட்சி மேடையில் பார்த்து முடிவு செய்வதும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தவறு என்பதைத்தான் பலர் ஒப்புக்கொள்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில், வெயிலும் தூசும் நெரிசலும் உள்ள இடத்தில் காரின் அருகே நின்று பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பார்வை நமக்குக் கிடைத்தாக வேண்டும். இப்போது பெரும்பாலும் அது கிடைப்பதில்லை.

முதலில், அன்று கண்டவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

இ விட்டாராவின் மூல வடிவமான ‘இ.வி.எக்ஸ்’ மாதிரியை எங்களுள் மூவர் 2023 ஜனவரியில் கிரேட்டர் நொய்டாவில் பார்த்திருந்தோம். அப்போது அதன் நீளம் 4,300 மி.மீ. விற்பனைக்கு வரும் வடிவத்தில் 4,275 மி.மீ. இரு விரற்கடைக்குள் அடங்கும் வேறுபாடுதான். ஆயினும் படங்களில் இரண்டாவது வடிவம் பருத்துத் தெரிந்தது. சக்கர வளைவுகளைச் சுற்றி ஓடும் கருநிறப் பிளாஸ்டிக் பட்டையே காரணம் என்று எண்ணியிருந்தோம். நேரில் அந்தப் பட்டை உறுத்தவில்லை. 18 அங்குலச் சக்கரங்கள் வண்டியின் நான்கு மூலைகளுக்கும் தள்ளி நிற்கின்றன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,700 மி.மீ. இருப்பதால் முன்னும் பின்னும் தொங்கும் உடற்பகுதி மிகக் குறைவு. பெட்ரோல் எஞ்சின் இல்லாத வண்டிக்கு மட்டுமே எளிதாக அமையும் நிலை அது. படம் அந்த உறுதியைக் காட்டவில்லை. பட்டையை மட்டும் காட்டியது. உப்பிய முகம் என்றவர் அதனெதிரே பத்து நிமிடம் நின்றுவிட்டு, “தப்பாச் சொல்லிட்டேன்” என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். அவர் எளிதில் ஒப்புக்கொள்பவர் அல்லர்.

பி.இ. 6 வேறு வகையான வியப்பைத் தந்தது. விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் அருகே சென்றதும் மறைந்தது. பானெட்டின் முன்பகுதியில் காற்று புகுந்து வெளியேறும் இடைவெளி, கூரை பின்னோக்கிச் சரியும் விதம், பின்கதவின் கைப்பிடியைத் தூணோடு ஒளித்திருக்கும் நேர்த்தி ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்தபோது, வடிவமைத்தவர்கள் துணிந்து விளையாடியிருந்தாலும் கவனமின்றி விளையாடவில்லை என்று தெரிந்தது. ஆனால் படத்தில் சற்றும் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது, அதன் அகலம். 1,907 மி.மீ. எண்ணாகப் படிக்கும்போது அது எதையும் சொல்வதில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு காருக்கென வரைந்திருக்கும் இடத்தின் அகலம் இரண்டரை மீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு அடிக்கும் சற்றுக் குறைவாகவே எஞ்சும். பக்கத்து வண்டிக்காரரும் அதேபோன்ற ஒன்றை வாங்கிவிட்டால் கதவைத் திறந்து இறங்குவது யோகாசனத்தில் சேரும். அதன் பின்னிருக்கையிலும் சற்று நேரம் அமர்ந்தோம். வெளியிலிருந்து பார்க்கும்போது அழகாக உயர்ந்து செல்லும் அந்த இடைக்கோடு, உள்ளே அமர்ந்தவருக்குச் சாளரத்தைச் சிறுத்துவிடுகிறது. வெளியே நிற்பவர் ரசிப்பதற்கும் உள்ளே இருப்பவர் சுவாசிப்பதற்கும் இடையிலுள்ள இப்பூசல் இன்றைய வடிவமைப்பில் எங்கும் காணப்படுகிறது.

க்ரெட்டா எலெக்ட்ரிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னேற்றும் வாயை முகப்பில் வைத்து, கிரில்லை மூடிவிட்டிருக்கிறார்கள். படத்தில் சலிப்பூட்டியது. நேரில், பழகிய முகம் என்ற ஒரே காரணத்தால் மற்றெல்லா அரங்குகளையும்விட அங்குதான் குடும்பங்கள் இயல்பாக ஏறி அமர்ந்துகொண்டிருந்தன. புதுமையை விரும்பும் எங்களைப் போன்றோர் மறந்துவிடும் செய்தி இது.

சியர்ராவிடம் வந்தபோது எங்களுள் மூத்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் ஓய்வுபெற்ற நடுவணரசு அலுவலர். 1991இல் வந்த முதல் சியர்ராவைக் கன்னாட் பிளேஸில் பார்த்து, சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்த்து, பெருமூச்சோடு பேருந்தில் ஏறியவர். அந்த வண்டிக்கு மூன்றே கதவுகள். பின்புறத்தில் கூரை வரை வளைந்து ஏறும் பெரிய கண்ணாடி. அக்கண்ணாடி திறக்காது என்பதும், தில்லியின் மே மாதத்தில் பின்னால் அமர்ந்தவர் என்ன பாடுபட்டிருப்பார் என்பதும் நினைவில் தங்குவதில்லை. வளைவு மட்டுமே தங்குகிறது. 2020ஆம் ஆண்டுக் கண்காட்சியில் டாடா நிறுவனம் சியர்ராவின் மாதிரி ஒன்றை வைத்தபோது அந்த வளைவைத்தான் முதலில் மீட்டுக் கொடுத்தது. 2025இல், ஏறத்தாழ விற்பனை வடிவில் நின்ற ஐந்து கதவு வண்டியில், அந்த வளைவைப் பெரிதும் நினைவூட்டுவது கண்ணாடியன்று, கருநிறப் பூச்சு. தொலைவிலிருந்து எடுத்த படங்களில் எல்லாம் கண்ணாடியாகவே தெரிந்தது. இரண்டடி தொலைவில் நின்றபோது இரும்பு எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று புலப்பட்டது. மூத்தவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். “பரவாயில்லை” என்றார். அந்தச் சொல்லில் ஏமாற்றம் இருந்ததா, அன்பு இருந்ததா என்று இன்றளவும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்தக் காரின் நிமிர்ந்த தோற்றத்துக்கு அன்றைய அரங்கில் இணையில்லை என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

படங்கள் ஏன் இப்படி ஏமாற்றுகின்றன? யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒளிப்படக் கருவியின் இயல்பே போதும். நம் கைப்பேசிக் கேமராவின் லென்ஸ் அகன்ற கோணம் உடையது. காரின் அருகே சென்று எடுத்தால் முன்பகுதி பெருத்தும் பின்பகுதி சிறுத்தும் விழும். நிறுவனம் வெளியிடும் படமோ இதற்கு நேர்மாறானது. தொலைவில் நின்று, நீண்ட லென்ஸில், முழங்கால் உயரத்திலிருந்து எடுக்கப்படுவது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்த வண்டியும் கம்பீரமாகவே நிற்கும். ஆனால் நாம் காரைப் பார்ப்பது ஐந்தடி உயரத்திலிருந்து. நம் கண்ணுக்கு முதலில் படுவது பானெட்டின் மேற்பரப்பும் கூரையும்தான். அவை படங்களில் வருவதே அரிது. இப்போதெல்லாம் படம் என்று நாம் பார்ப்பவற்றுள் பல, கார் பிறக்கும் முன்பே கணினியில் வரையப்பட்டவை. அவற்றில் கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடுக்கு எப்போதும் ஒரே சீராக இருக்கும். நேரில் அப்படி இருந்தால் தொழிற்சாலையைப் பாராட்ட வேண்டும்.

கார் வடிவமைப்பவர்களே திரையை முழுமையாக நம்புவதில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஹார்லி ஏர்ல் என்பவர் களிமண்ணில் காரைச் செய்து பார்க்கும் முறையை நிலைநிறுத்தி ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. கணினி இவ்வளவு முன்னேறிய பின்னும், பெரும் நிறுவனங்களின் வடிவமைப்புக் கூடங்களில் உண்மை அளவிலான களிமண் உருவம் இன்னும் நிற்கிறது. ஒளி அதன் தோளில் எப்படி வழுக்குகிறது, சுற்றி நடக்கும்போது கோடு எங்கே முறிகிறது என்று பார்க்கிறார்கள். செய்பவர் சுற்றி நடந்து பார்த்த பின்னரே ஒப்புதல் அளிக்கும் பொருளை, வாங்குபவர் மட்டும் கைப்பேசியில் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்?

இனி மேடையைப் பற்றி. நேரில் பார்ப்பதே மெய் என்று சொல்லி நாங்கள் கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். எங்களுள் இளையவர், நொய்டாவில் மென்பொருள் துறையில் பணியாற்றுபவர், அதற்கு இடங்கொடுக்கவில்லை. அன்று அவர் கார்களைப் பார்க்காமல் கார்களைத் துடைப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் அருகே மென்துணியோடு ஒருவர் நிற்கிறார். எவரேனும் தொட்டுவிட்டு நகர்ந்தால் உடனே துடைக்கிறார். கண்ணாடிபோல் பளபளக்கும் கருநிறப் பிளாஸ்டிக் இன்று டேஷ்போர்டிலும் கதவிலும் வெளித்தூண்களிலும் எங்கும் பரவியிருக்கிறது. மேடையில் அது வைரமாக மின்னுவது அந்தத் துணிக்காரரின் உழைப்பால். நம் வீட்டு வாசலில் அவர் இருக்கமாட்டார். ராஜஸ்தானிலிருந்து தில்லிக்கு வரும் ஒரு புழுதிக் காற்று போதும். துடைத்தால் கீறல், துடைக்காவிட்டால் கைரேகை.

மேடைக் கார்களுக்குப் பதிவு எண் பலகை இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பர்? முகப்பின் அழகை உருவாக்கும்போது அந்த இடம் வெறுமையாக விடப்படுகிறது. விற்பனைக்கு வந்ததும் 500 மி.மீ. நீளமும் 120 மி.மீ. உயரமும் உள்ள உயர் பாதுகாப்புப் பலகை அங்கே அமர்கிறது. சிலவற்றுக்கு அது மீசைபோல் பொருந்துகிறது. சிலவற்றுக்கு வாயில் பட்டையிட்டது போலாகிறது. அடுத்து நிறம். மேடையில் செம்பும் பச்சையும் மஞ்சளும் நிற்கின்றன. இந்தியச் சாலையில் மிகுதியாக ஓடுவது வெள்ளை. வெள்ளைக் காரின் பக்கவாட்டில் வடிவமைப்பாளர் இழைத்த மெல்லிய மடிப்புகள் நண்பகல் வெயிலில் கரைந்துவிடும். காலையிலும் மாலையிலும் மட்டுமே மீண்டும் தெரியும். மேலும், மேடையேறுவது பெரும்பாலும் மிக உயர்ந்த விலையுள்ள வகை. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது நடுத்தர வகையை. சக்கரம் ஓர் அங்குலம் சிறுத்து, கூரைக் கண்ணாடி மறைந்து, விளக்குப் பட்டை ஒளியிழந்த பின் அதே காரைப் பார்ப்பது, திருமண நாளுக்குப் பிறகு மணமக்களைப் பார்ப்பது போன்றது. குறை என்று சொல்லவில்லை, அவர்களும் அழகானவர்களே. ஆனால் யாரை மணக்கிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

நேரில் கண்ட கூட்டத்தின் ஆரவாரமும் முழுச் சான்று ஆகாது. 2008 ஜனவரி 10ஆம் நாள் இதே பிரகதி மைதானத்தில் ரத்தன் டாடா நானோவை ஓட்டிவந்து மேடையில் நிறுத்தியபோது எங்களுள் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். படம் எதுவும் முன்கூட்டி வராத கார் அது. வதந்திகள் மட்டுமே வந்திருந்தன. ஆட்டோவுக்கு நான்கு சக்கரம் வைத்தது போலிருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றவர்கள், 3.1 மீட்டர் நீளத்துக்குள் நான்கு பெரியவர்கள் தலை இடிக்காமல் அமரும் வடிவத்தைக் கண்டு வாய்பிளந்தனர். வெளியளவில் மாருதி 800ஐவிடச் சிறியது, உள்ளே அதைவிடப் பெரியது. வடிவமைப்பு என்ற வகையில் இன்றும் நாங்கள் தலைவணங்கும் கார் அது. ஆனால் அரங்கில் மூக்கை ஒட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் வாங்க வரவில்லை. மிக மலிவான கார் என்ற அடையாளமே அதற்குப் பகையாயிற்று என்பதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018இல் உற்பத்தி நின்றது. தெருவில் நிற்கும்போது அண்டை வீட்டார் என்ன நினைப்பர் என்ற கேள்வி மேடை வெளிச்சத்தில் எழுவதில்லை; சாவியைக் கையில் வாங்கும்போதுதான் எழுகிறது.

வடிவத்தைப் பற்றிப் பேசும்போது சட்டத்தையும் சற்றுப் பேசியாக வேண்டும்; ஏனெனில் இந்தியக் கார்களின் பின்புறத்தை வரைந்த மிகப் பெரிய வடிவமைப்பாளர் நிதியமைச்சகமே என்பது எங்கள் துணிபு. 2006ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. அதன்பின் 4 மீட்டர் என்ற கோடு வரைபலகைக்கு வந்துவிட்டது. 2008இல் வந்த முதல் ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மி.மீ. நீளம். 2012இல் வந்த அடுத்த தலைமுறை 3,995 மி.மீ. அந்த 165 மி.மீ. எங்கே போயிற்று என்பதை அறிய அளவுகோல் தேவையில்லை. பக்கவாட்டில் நின்று டிக்கியைப் பார்த்தால் போதும். முன்பக்கக் கோணத்திலிருந்து எடுக்கும் படங்களில் இது தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி மாற்றத்திலும் இக்கோடு நிலைத்திருக்கிறது: நீளத்திலும் எஞ்சின் அளவிலும் வரம்புக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. எனவே நறுக்கப்பட்ட பின்புறத்தைப் பார்த்து நகைக்கும்முன், அந்த நறுக்கு நம் பணப்பையைக் காத்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எங்களுக்கும் இது தெரிய நெடுநாளாயிற்று.

இவ்வளவும் ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் எண்ணலாம். எங்கள் மூத்தவருக்கு நேர்ந்ததைக் கேட்டபின் அப்படி எண்ணமாட்டீர்கள்.

கண்காட்சிக்குப் பின் அவர் மனம் வேறொரு புதிய காரில் சென்று நின்றது. சரிந்த கூரையும் தாழ்ந்த இருக்கையும் கொண்ட அழகிய வண்டி. அரங்கில் அது சுழலும் மேடையில் நின்றதால் எவரையும் உள்ளே அமரவிடவில்லை. சில மாதங்கள் கழித்து, ஊரில் எந்த ஷோரூமுக்கும் அந்தக் கார் வந்திராத நிலையில், முன்பதிவு தொடங்கிற்று. முதலில் பதிவோருக்கு முதலில் வண்டி என்றார்கள். நள்ளிரவில் விழித்திருந்து முன்பணம் கட்டினார். கடனுக்கான கொள்கையளவு ஒப்புதல் அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. இதுவே தம் கடைசிக் கார் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் அப்படிச் சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு.

காட்சி வண்டி வந்ததும் மனைவியுடன் சென்றார். அம்மையாருக்கு இரண்டாண்டுகளுக்கு முன் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கதவின் கைப்பிடி உடலோடு ஒட்டி மறைந்திருந்தது. விரல்களால் அதை வெளியே இழுக்க அவரால் இயலவில்லை. விற்பனையாளர் திறந்துவிட்டார். வாசற்சட்டம் உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருந்ததால், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மறுகாலை எடுப்பதற்கு முன் அவர் கதவின் மேற்சட்டத்தைப் பற்றிக்கொண்டார். தலை கூரையில் உரசியது. அமர்ந்த பின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குப் பிடிச்சிருக்கில்ல, போதும்” என்றார். இறங்குவதற்கு இரண்டு முறை முயன்றார்.

மூத்தவர் அன்றிரவே பதிவை நீக்கச் சொல்லி எழுதினார். முன்பணம் முழுமையாகத் திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. எந்த நிறுவனம் என்பது இங்கு தேவையற்றது. பணம் வந்துவிட்டது, அதில் குறையில்லை. அவரைச் சுட்டது வேறொன்று. “ரெண்டு வருஷமா அந்தக் காரைப் பத்தி எல்லாக் கோடும் எனக்குத் தெரியும். எங்க வீட்ல எப்படி ஏறி உக்காருவாங்கன்னு ஒரு நாள்கூட யோசிக்கல” என்று எங்களிடம் சொன்னார். அம்மையார் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு இன்னும் கடினமாக இருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பத்து லட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 16,090 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது பதின்மூன்றரை லட்சம். எண்பத்து நான்கு மாதங்கள் தவணை செலுத்தும் ஒரு பொருளை எண்பத்து நான்கு நொடிக் காணொளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். கடனுக்கான ஒப்புதல் கைப்பேசியில் முன்கூட்டியே வந்து காத்திருப்பது வசதிதான். அந்த வசதி நம் கால்களை ஷோரூம் வரை நடக்கவிடாமல் செய்துவிடுகிறது என்பதை, இவ்விதழை நடத்தும் வங்கி எங்களைப் பொறுத்துக்கொண்டு வெளியிடும் என நம்புகிறோம்.

கார் நிறுவனங்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நகரத்தில் அந்தக் கார் ஷோரூமில் நிற்கும்வரை அந்நகரத்தில் முன்பதிவுப் பணம் பெறாதிருக்க வேண்டும். நிற்கும் காரும் உயர்ந்த வகை மட்டுமாக இல்லாமல், அதிகம் விற்கும் நடுத்தர வகை ஒன்றும், இயன்றால் வெள்ளை நிறத்தில், எண் பலகையோடு, கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயிலில் நிறுத்தப்பட வேண்டும். வணிகத்துக்கு இது தடையாகும் என்பார்கள். இளையவரின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. அவர் படத்தில் கரும்பச்சையாகத் தெரிந்த ஒரு காரைப் பார்க்காமலே பதிவுசெய்து வாங்கினார். வந்த வண்டி தில்லியின் குளிர்கால வெளிச்சத்தில் கறுப்பாகவே தெரிந்தது. ஒரு மாதம் முகம் வாடியிருந்தார். பின்னர் ஏதோ ஒரு மாலை, யமுனைப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது, சாய்ந்த வெயிலில் அதன் பச்சை திடீரென எழுந்து வந்ததாம். இப்போது அந்நேரத்துக்காகவே அலுவலகத்திலிருந்து முன்கூட்டிப் புறப்படுகிறார். வெயிலில் நிறுத்தியிருந்தால் அதைப் பார்த்தே பத்துப் பேர் வாங்கியிருப்பர் என்பது அவருடைய வாதம். நாங்களும் அதை ஏற்கிறோம்.

மூத்தவர் இன்னும் கார் வாங்கவில்லை. கடந்த ஞாயிறு எங்களை மீண்டும் கூட்டிக்கொண்டு ஒரு ஷோரூமுக்குச் சென்றார். ஒரு காலத்தில் ‘பெட்டி’ என்று அவரே எள்ளிய நிமிர்ந்த கூரை வண்டி ஒன்று அங்கே நின்றது. அவர் கையில் தையற்காரரின் அளவு நாடா இருந்தது. தரையிலிருந்து இருக்கைவரை அளந்தார், வாசற்சட்டத்தை அளந்தார், கதவு எவ்வளவு அகலத் திறக்கிறது என்று அளந்தார். விற்பனையாளர் விளக்குகளின் வடிவத்தைப் பற்றி விளக்கத் தொடங்கியபோது, “கொஞ்சம் இருங்க தம்பி, முதல்ல அவங்க ஏறி உக்காரட்டும்” என்று கதவைத் திறந்துவிட்டு, தாம் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.